மெர்வினுக்கு ஒரு ஒய் கூடுதல்

கெட்டில் கிரீக்கில் இதுவரை நடந்த ஒரே அறிவியல் ஆராய்ச்சியை முடித்துவைத்தது தக்காளி சாஸ் ஊற்றிய ஒரு கறி பஃப். அந்தப் பஃப் என் கடையில் சுட்டது. ஆகவே அறிவியலுக்கு நானும் தொண்டு செய்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. எறிந்தது நானில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மெர்வின் டக்வெல் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர். ஆறரை அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். பேருந்துக் கூரையில் அவர் தலை இடிக்கும் இடத்தில் அவர் மனைவி நோலா பழைய தலையணை ஒன்றை ஒட்டிவைத்திருந்தாள். எதைக் கேட்டாலும் யோசித்துத்தான் பதில் சொல்வார். யோசித்து முடிப்பதற்குள் கேட்டவர் பெரும்பாலும் போயிருப்பார்.

சனிக்கிழமைகளில் அவர் எங்கள் ஆஸ்திரேலியக் கால்பந்து லீகின் கோல் நடுவர். வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக்கொண்டு, மைதானக் கோடியில் நட்ட நான்கு கம்பங்களுக்குக் கீழே நிற்பார். பந்து நடுக் கம்பங்களுக்கு நடுவே போனால் இரண்டு கொடி, ஓரமாகப் போனால் ஒரு கொடி. வேலை அவ்வளவுதான். அந்த வேலைக்காக ஊரே வேலியில் சாய்ந்துகொண்டு அவரைத் திட்டும்.

"டேய் வெள்ளப் புழு! கண்ணு ரெண்டையும் வீட்லயே வெச்சிட்டு வந்தியாடா?"

"தந்திக் கம்பமே! உன்ன நட்டவன் யாருடா?"

"உன் பொண்டாட்டிகிட்ட கண்ணாடி கடன் வாங்குடா!"

இந்தக் கடைசி வரி நோலாவினுடையது. அவள் எதிரணி ஊர்க்காரி. மெர்வின் எதையும் காதில் வாங்கமாட்டார். ஆட்டம் முடிந்ததும், தன்னை அதிகமாகத் திட்டியவனுக்குக் கார் இல்லையென்றால், வீட்டில் கொண்டுபோய் விடுவார். வெள்ளைக் கோட்டைத் திட்டுவது எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போவது மாதிரி. அதைவிடக் கொஞ்சம் ஒழுங்காகவே செய்வோம்.

மனிதன் நிலாவில் இறங்கிய வருடம், மெர்வின் பித்தப்பைக் கல்லுக்காக மெல்பர்ன் ஆஸ்பத்திரிக்குப் போனார். வந்தது வினை. மனித நடத்தை மூலகாரணக் கழகம் என்று அங்கே ஒன்று இருந்தது. உயரமான ஆண் யார் படுத்தாலும் அவர் ரத்தத்தில் கொஞ்சம் அனுப்பிவையுங்கள் என்று அது எல்லா ஆஸ்பத்திரிகளிடமும் சொல்லிவைத்திருந்தது. கழகத்தார் ஒரு சிறைக்குப் போய்க் கைதிகளைச் சோதித்திருந்தார்கள். சாதாரண ஆணுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம், ஒரு ஒய் குரோமோசோம். சிறையிலிருந்த சில நெட்டையர்களுக்கு இரண்டு ஒய் இருந்தது, மொத்தம் நாற்பத்தாறுக்குப் பதில் நாற்பத்தேழு குரோமோசோம். ஆக, கூடுதல் ஒய்தான் ஆளை முரடனாக்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். சிறைக்கு வெளியே தேடிப் பார்த்தீர்களா என்று யாரோ கேட்டதற்கு, அதற்கு நிதி இல்லை என்றார்களாம்.

மெர்வினின் கல்லை எடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் இருந்த இரண்டாவது ஒய்யை எடுக்க வழியில்லை. கழகம் எங்கள் ஊராட்சிக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னது.

ஊராட்சியில் பேருந்துப் பொறுப்பு கெவ் ராட்டிகனுக்கு. கசாப்புக் கடைக்காரன், கால்பந்து மன்றத் தலைவன், மெர்வினின் பேருந்தில் போகும் இரண்டு பெண்களுக்கு அப்பன். மறுநாள் காலை பேருந்து புறப்படும் நேரத்தில், பள்ளிச் சாலையில் அவன் மெர்வினை மறித்தபோது நானும் கடைக்கான பால் பாட்டில்களோடு அங்கே நின்றிருந்தேன்.

"தப்பா எடுத்துக்காத மச்சி. சாவிய மட்டும் குடுத்துடு."

"ஏன்?"

"உனக்கு ஒரு ஒய் கூட இருக்காம்."

மெர்வின் தன்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டார். "எங்க?"

"எல்லா எடத்துலயும்."

"எப்போலேருந்து?"

"பொறந்ததுலேருந்து."

"அப்போ நேத்து உன் பொண்ணுங்கள கூட்டிட்டுப் போனப்பவும் இருந்துச்சே கெவ்."

"இருந்துச்சுதான். ஆனா எங்களுக்குத் தெரியாதில்ல? தெரியாதவரைக்கும் பயமில்ல."

மெர்வின் வெகுநேரம் யோசித்தார். அவர் கை கெவ்வின் தலையளவு இருக்கும். அந்தக் கை மூடியது, திறந்தது. பிறகு சாவியை எடுத்துக் கொடுத்தார். "உன் சின்னவளுக்கு வாந்தி வரும். முன்சீட்டுல உக்கார வெக்கச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

கழகம் வந்து ஆராயும் என்று ஏற்பாடு. ஆபத்தில்லை என்று சொன்னால் சாவி திரும்பி வரும். ஆபத்து என்று சொன்னால் மெர்வின் இனி எந்தப் பிள்ளையையும் எந்த வண்டியிலும் ஏற்ற முடியாது. அதுவரை பேருந்தை ஓட்ட, முறையாகச் சோதிக்கப்பட்டு, நாற்பத்தாறு குரோமோசோம்களும் சரியாக இருப்பதாகக் கழகமே சான்றளித்த ஓர் ஆளை அனுப்பினார்கள். அவன் முதல் வாரமே பிள்ளைகளைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். இரண்டாம் வாரம் பேருந்தைக் கோதுமை வயலுக்குள் இறக்கினான். அது சாதாரண மனிதனுக்கு ஏற்படும் சாதாரணக் கோபம் என்று கழகம் விளக்கம் கொடுத்தது.

பேராசிரியர் ஹேவர்லி வந்தார். குட்டையான, சுறுசுறுப்பான மனிதர். வெள்ளைக் கோட்டை எங்கும் கழற்றமாட்டார். விடுதியில் முட்டை தின்னும்போதும் போட்டிருந்தார். ஊர் மண்டபத்தில் மக்களுக்கு ஒரு விளக்கக் கூட்டம் வைத்தார்.

"அச்சம் வேண்டாம்," என்று அச்சுறுத்தும் குரலில் ஆரம்பித்தார். "இயற்கை எளிமையானது. ஆணுக்கு ஒரு எக்ஸ் கூடினால் கூச்ச சுபாவம். ஒரு ஒய் கூடினால் முரட்டுத்தனம். பெண்ணுக்கு ஒரு எக்ஸ் குறைந்தால் திசை தெரியாது. எல்லாம் எழுத்துக் கணக்குதான். ஒருவருடைய எழுத்துகளைச் சொல்லுங்கள், அவர் என்ன செய்வார் என்று நான் சொல்லிவிடுவேன்."

நோலா எழுந்தாள். "சனிக்கிழமை சாராயக் கடையிலேருந்து வந்து பொண்டாட்டிய அடிக்கிறானே, அவனுக்கு என்ன எழுத்து?"

"எக்ஸ் ஒய். அது சாதாரணம்."

"குடிச்சிட்டு ஆட்டுக் கெடாவ ஒதைக்கிறவனுக்கு?"

"அதுவும் எக்ஸ் ஒய். சாதாரணத்தின் எல்லைக்குள் வரும்."

"என் வீட்டுக்காரர் நத்தையக்கூட மிதிக்கமாட்டார். தோட்டத்துல பொறுக்கி, வேலிக்கு அந்தப் பக்கம் விடுவார்."

"அம்மா, அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது," என்றார் பேராசிரியர். "எவ்வளவு முரட்டுத்தனம் உள்ளே இருந்தால், அதை அடக்க ஒரு மனிதர் நத்தை பொறுக்கும் அளவுக்குப் போவார்!"

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வருத்தத்தோடுதான் சொல்கிறேன், அன்றிலிருந்து ஊர் மாறிப்போனது. தெருவில் மெர்வின் வந்தால் பெண்கள் எதிர்ப் பக்கம் போனார்கள். அவர் இறைச்சி வாங்கப் போனால் கெவ் கத்தியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு கையாலேயே பொட்டலம் கட்டினான். மெர்வின் அதைப் பார்க்காத மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நோலா மட்டும் அவரோடு கைகோத்துக்கொண்டு தெரு நடுவில் நடந்தாள். இத்தனைக்கும் அவள் பொதுவில் கைகோக்கிற ரகம் இல்லை.

ஆராய்ச்சி தொடங்கியது. மண்டபத்துக் கதவு தாழ்வானது. மெர்வின் குனிந்து வந்தார். "பாயப் போகும் தோரணை" என்று பேராசிரியர் தன் உதவியாளரிடம் சொன்னார். மைக்கறைப் படங்களைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார். மெர்வின் யோசித்து யோசித்து, "மை கொட்டியிருக்கு" என்றார். அடுத்த படம்? "இதுலயும் கொட்டியிருக்கு. துணி தரட்டுமா?" சாட்சியங்களை அழிக்கும் மனப்பான்மை என்று முடிவானது.

பிறகு சம்மந்தப்பட்டவரைச் சீண்டிப் பார்க்க, மெல்பர்னிலிருந்து ஒரு நாடக நடிகனைக் கூலிக்குக் கொண்டுவந்தார்கள். அவன் என் கடையிலேயே மெர்வினை வழிமறித்து, அவர் உயரத்தையும் பற்களையும் பரம்பரையையும் திட்டினான். நல்ல குரல் வளம். மெர்வின் கேட்டுக்கொண்டே நின்றார். நடிகனுக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோய் மூச்சு வாங்கியதும், "சாப்ட்டு எவ்ளோ நேரமாச்சு உனக்கு?" என்றார். நடிகன் உதட்டைக் கடித்தான். அவனுக்கு நாடகத்தில் வேஷம் கிடைத்து வெகுகாலம் ஆகிறதாம், வீட்டில் சண்டையாம். கடைசியில் மெர்வினின் தோளுக்கு எட்டாமல் அவர் சட்டைப் பையில் முகம் புதைத்து அழுதான். மெர்வினின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ரயிலேறினான்.

பேராசிரியர் மகிழ்ந்துபோனார். "பார்த்தீர்களா? எதிராளியை அடிக்காமலே நிலைகுலைய வைக்கிறார்!"

எனக்குப் பொறுக்கவில்லை. "ப்ரொஃபசரே, மெர்வ் யாரையாவது அடிச்சா நீங்க சொன்னது சரி. அடிக்கலன்னா?"

"அடக்கிவைத்திருக்கிறார். அப்போதும் நான் சொன்னது சரி."

"அப்போ நீங்க சொன்னது தப்புன்னு எப்படித்தான் தெரியும்?"

"அதற்கு நிதி ஒதுக்கவில்லை," என்றார் அவர்.

கடைசிச் சோதனையாக அவர் தேர்ந்தெடுத்தது லீகின் இறுதி ஆட்டத்தை. நானூறு பேர் ஒரே மனிதனைத் திட்டும் இடம் வேறெங்கே கிடைக்கும்? பொங்க வேண்டியது அங்கே பொங்கிவிடும் என்று கணக்குப் போட்டார். பொங்குவதை அருகிலிருந்து பார்ப்பதற்காக, கோல் கம்பங்களுக்குப் பின்னால், மெர்வினுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். வழக்கம்போல வெள்ளைக் கோட்டோடு.

யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்குத் தோன்றவும் இல்லை. எங்கள் மைதானத்தில் வெள்ளைக் கோட்டுக்கு ஒரே அர்த்தம்தான்.

நான்கு பகுதி ஆட்டத்தில் முதல் கால் பகுதி தொடங்கி, முதல் பந்து ஓரமாகப் போனது. மெர்வின் ஒரு கொடி அசைத்தார். வேலியோரம் பற்றிக்கொண்டது.

"டேய் குட்டப் புழு! பெரிய புழுவுக்கு நீ எடுபிடியாடா?"

பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். "நான் நடுவர் இல்லை," என்று விளக்கினார். "நான் பேராசிரியர்."

மைதானத்தில் விளக்கம் சொன்ன நடுவரை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. உற்சாகம் தாங்கவில்லை.

"ப்ரொஃபசராம்டா! எண்ணத் தெரியுமா? ஒண்ணு ரெண்டு சொல்லு பாப்போம்!"

"உங்கம்மா உன்ன முழுசா பெத்தாளா, பாதியிலயே போதும்னு விட்டுட்டாளா?"

"நான் நாற்பது கட்டுரை எழுதியவன்!" என்று பேராசிரியர் கத்தினார். அவர் காது சிவந்திருந்தது. அவருக்குப் பக்கத்தில் மெர்வின் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் என் கடைப் பஃப் பறந்து வந்தது. சாஸ் நிறைய ஊற்றியிருந்தது. பேராசிரியரின் உச்சந்தலையில் விழுந்து, கண்ணாடி வழியாக இறங்கி, கோட்டின் பையில் தங்கியது. கெவ் வேலியைத் தாண்டி உள்ளே குதித்து, மன்றத் தலைவன் என்ற முறையில் துடைத்துவிட ஓடினான். பேராசிரியர் மெர்வினின் கொடி ஒன்றைப் பிடுங்கி, கொம்பைத் திருப்பி, கெவ்வின் இடது கண்ணில் ஓங்கி ஒரு போடு போட்டார். பிறகு முதுகில் இரண்டு. "யாருடா புழு? எவன்டா புழு? வாங்கடா எல்லாரும்!" என்று அவர் போட்ட கூச்சல் கோதுமைக் கிடங்குவரை கேட்டதாம்.

இதற்கிடையே பந்து நடுக் கம்பங்களுக்கு நடுவே பறந்து போனது. கோல். மெர்வினிடம் ஒரு கொடிதான் இருந்தது. அவர் பேராசிரியருக்கு முன்னால் போய், குனிந்து, "ஐயா, அது எனக்கு வேணும்" என்று கை நீட்டினார். பேராசிரியர் மூச்சிரைக்க அவரை அண்ணாந்து பார்த்தார். கொடியைக் கொடுத்துவிட்டார். மெர்வின் சாஸைத் துடைத்து, இரண்டு கொடியையும் முறைப்படி அசைத்தார்.

எங்கள் லீகில் ஒரு வழக்கம். வேலிக்குள் அடித்தவன் யாராக இருந்தாலும், ஆட்டக்காரனோ அமைச்சரோ, அடுத்த செவ்வாய்க்கிழமை ஒழுங்கு மன்றத்தின் முன் நிற்க வேண்டும். மறுத்தால் காவல் நிலையம், நீதிமன்றம், மெல்பர்ன் பத்திரிகைகள். பேராசிரியர் ஒழுங்கு மன்றமே போதும் என்றார். ஒழுங்கு மன்றத்துக்குத் தலைவர் முடிதிருத்துபவர் ஆர்ச்சி பெல்லமி. ஊரே மண்டபத்தில் அடைந்து கிடந்தது. கெவ் ஒரு கண் மூடி உட்கார்ந்திருந்தான். அடித்ததைப் பார்த்த நடுவர் என்ற முறையில் மெர்வின் சாட்சி.

"ப்ரொஃபசரே, நம்ம கெவ்வ அடிச்சீங்களா?" என்றார் ஆர்ச்சி.

"அடித்தேன். ஆனால் சூழ்நிலையைப் பார்க்க வேண்டும். நானூறு பேர் என்னைப் புழு என்றார்கள். என் தாயாரை இழுத்தார்கள். தலையில் சூடாக ஏதோ விழுந்தது. யாரா இருந்தாலும் அடிச்சிருப்பான்யா!"

"உங்களுக்கு எத்தன குரோமோசோம்?"

"நாற்பத்தாறு. நானே சோதித்திருக்கிறேன்."

"ஒண்ணு ரெண்டு கூடக் கொறைய?"

"கிடையாது. நான் முழுக்கச் சாதாரணமானவன்."

"அப்போ உங்கள அடிக்க வெச்சது எது? ரத்தத்துல ஏதாவது?"

"ரத்தமாவது மண்ணாங்கட்டியாவது!" பேராசிரியர் மேசையைத் தட்டினார். "குரோமோசோமுக்கும் இதுக்கும் என்னய்யா சம்மந்தம்? நின்ன எடம்தான் காரணம்! அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு அந்த எடத்துல நின்னா எப்பேர்ப்பட்டவனும்..."

அங்கே நிறுத்தினார். மண்டபத்தில் யாரோ ஒரே ஒருமுறை இருமினார்கள்.

"எவ்ளோ நேரம் நின்னீங்க?" என்றார் ஆர்ச்சி, மிகவும் மரியாதையாக.

"கால் ஆட்டம். முழுசா இல்லை."

"மெர்வ், நீ எப்போலேருந்து நிக்கிற?"

மெர்வின் யோசித்தார். "கெவ்வோட அப்பா ஆடின காலத்துலேருந்து."

"உனக்குக் கோவமே வராதா?"

"வரும்."

பேராசிரியரின் உதவியாளர் சட்டென்று பேனாவை எடுத்தார். நோலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்போ வந்துச்சு?"

"கெவ் சாவிய வாங்கினப்போ."

"என்ன பண்ணணும்னு தோணுச்சு?"

"அடிக்கணும்னு."

"அப்புறம் ஏன் அடிக்கல?"

மெர்வின் யோசித்தார். இந்தத் தடவை யாரும் எழுந்து போகவில்லை.

"பொண்ணுங்க ரெண்டும் பஸ்ஸுக்காக நின்னுட்டு இருந்துச்சுங்க. ஸ்கூலுக்கு நேரமாயிடும்னு நெனச்சேன்."

கெவ் எழுந்தான். சட்டைப் பையிலிருந்து பேருந்துச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். அவனுக்கு ஒரு கண்தான் திறந்திருந்தது, அதுவும் நனைந்திருந்தது.

பேராசிரியருக்கு நான்கு ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. அடுத்த மாதம் கழகத்தின் முடிவு வந்தது. மெர்வின் டக்வெல் மிகவும் ஆபத்தானவர், அவர் அருகில் நின்ற முற்றிலும் சாதாரணமான ஒருவரையே வன்முறையில் இறக்கிவிட்டார், மேலும் ஆராய நிதி தேவை. கெவ் அதைத் தன் கடை மேசையில் வைத்துப் படித்துவிட்டு, யாருக்கோ ஆட்டு ஈரலை அதில் மடித்துக் கொடுத்தான்.

ஆனால் அது பிறகு. மன்றம் கூடிய மறுநாள் காலையே பேருந்து பழையபடி புறப்பட்டது. பிள்ளைகள் "வெள்ளப் புழு! வெள்ளப் புழு!" என்று கூவிக்கொண்டு ஏறினார்கள். கெவ் தன் சின்ன மகளைத் தானே தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தான். பிறகு படிக்கட்டிலேயே நின்றான்.

"கண்ணு வலிக்குதா?" என்றார் மெர்வின்.

"உயிர் போகுது மச்சி. வெறும் நாப்பத்தாறுக்கே இந்த அடி. நாப்பத்தேழா இருந்திருந்தா என் கதி என்ன?"

மெர்வின் யோசித்தார். கெவ் போய்விடாமல் காத்துக்கொண்டு நின்றான்.

"நாப்பத்தேழு பக்கத்துலதான் நின்னுட்டு இருந்துச்சு, கெவ்," என்று சொல்லிவிட்டு மெர்வின் வண்டியைக் கிளப்பினார்.